ஹெலன் கெல்லர் அம்மையாரின் கண்கள்

ஐம்பொறிகளுள் கண்ணே தலைமை வாய்ந்தது என்பது தமிழர் தொன்றுதொட்டுக் கொண்ட கருத்தாகும். அன்பிற்குரிய குழந்தையைக் கண்ணே என்று விளிக்கின்றோம். பிறர்பாற் காட்டும் இரக்கத்தைக் கண்ணோட்டம் என்கின்றோம். ஒன்றை அருமையாகப் பாதுகாத்தலைக் கண்ணுங் கருத்துமாய்ப் பேணுதல் என்கின்றோம். தம் கண்ணையே அகழ்ந்து அப்பிய வேடர் கோமானுக்குக் கண்ணப்பர் என்னும் பெயரே நிலைத்துவிட்டது. இத்தகைய நாட்டிற் கண்ணிழந்தாருக்கு இரங்குவோர் பலர். ஆயினும், இழந்த கண்ணின் இடத்தே பொருத்தப்படும் செயற்கைக் கண்ணைப் பற்றி அறிந்தோர் சிலர். அதனை நாள்தோறும் பேணுதலும் காலந்தோறும் புதுப்பித்தலும் வேண்டும் என்பதை அறிந்தோரோ மிகச் சிலர்.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகள் உழவாலும் கல்லாலும் வாழ்பவை. பருத்தியும் மக்காச்சோளமும் அங்கு மிகுதி. சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் அங்கு உண்டு. தட்டை அறுக்கையிற் குத்தும் தாளும், வேலியிற் கிடக்கும் கருவேல முள்ளும், கல்லுடைக்கையிற் தெறிக்கும் சில்லும் கண்ணுக்குப் பகையாவன. ஆதலின் இப்பொருள் நம்மவர்க்கு மிக அணித்தானது. இதனை ஒரு பெருந்தகையின் வாழ்க்கையின் வாயிலாகக் கூறுதல் நலம் எனக் கருதுகின்றேன். அவர் உலகம் போற்றும் ஹெலன் கெல்லர் அம்மையார் ஆவர். அவர்தம் வரலாற்றை நம்மிற் பலர் இளமையிலேயே படித்துள்ளோம். ஆயினும், அவ்வம்மையார் முகத்தில் ஒளிவிட்ட நீலநிறக் கண்கள் இரண்டும் கண்ணாடியால் ஆனவை என்பதைப் பலர் அறியார்.

ஹெலன் கெல்லர் 1880-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாகாணத்தில் டஸ்கம்பியா என்னும் சிற்றூரிற் பிறந்தார். பிறந்தபோது அவருக்கு யாதொரு குறையும் இல்லை. பத்தொன்பதாம் மாதத்திற் கண்ட கடுங்காய்ச்சல் ஒன்று அவர்தம் பார்வையையும் செவிப்புலனையும் ஒருங்கே கவர்ந்து சென்றது. காய்ச்சல் தணிந்ததைக் கண்டு மகிழ்ந்த பெற்றோர், கையசைத்தும் இமையாத குழந்தையை நோக்கி நெஞ்சம் உடைந்தனர். பேச்சுக் கேளாமையாற் குழந்தையின் மழலையும் அவிந்தது. எண்ணத்தை வெளியிட வழியறியாத அச்சிறுமி சினமும் பிடிவாதமும் மிக்கவளாய், வீட்டார்க்கு அடங்காதவளாய் வளர்ந்தாள்.

தொலைபேசியைக் கண்டறிந்த அலெக்சாந்தர் கிரகாம் பெல் என்பார் செவிடர் கல்வியிற் பேரார்வம் உடையவர். அவரை அணுகிய பெற்றோர், அவர்தம் அறிவுரையின்படி பாஸ்டன் நகரத்துப் பெர்க்கின்ஸ் குருடர் பள்ளியோடு தொடர்பு கொண்டனர். அப்பள்ளியினின்று 1887-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3-ஆம் நாள் ஆனி சல்லிவன் என்னும் இருபது வயது நங்கை ஆசிரியையாக வந்து சேர்ந்தார். இவரும் இளமையிற் கண்ணிமை நோயாகிய டிரக்கோமாவாற் பார்வை குன்றிப் பலமுறை அறுவை மருத்துவம் பெற்றவரே. கண்நோயின் கொடுமையை உடலால் அறிந்த ஒருவரே ஹெலனுக்கு ஆசானாக வாய்த்தது வியப்பிற்குரியது. ஆசிரியை குழந்தையின் உள்ளங்கையில் விரலால் எழுத்துக்களை உணர்த்தினார். ஒரு மாதம் கழித்து, குழாய்நீர் ஒரு கையில் வழிந்தோட, மறுகையில் நீர் என்னும் சொல்லின் எழுத்துக்கள் படிந்தபொழுது, பொருளுக்குப் பெயருண்டு என்னும் பேருண்மை அச்சிறுமியின் உள்ளத்தில் மின்னலெனப் பாய்ந்தது. அன்று மாலைக்குள் அவள் பல சொற்களைக் கற்றனள்.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். ஹெலன் புள்ளியெழுத்தைக் கற்றார். பிறர் உதட்டிலும் தொண்டையிலும் விரல் வைத்துப் பேச்சை உணரக் கற்றார். அரும்பாடுபட்டுத் தாமும் பேசக் கற்றார். 1900-ஆம் ஆண்டில் ராட்கிளிப் கல்லூரியிற் சேர்ந்து 1904-ஆம் ஆண்டிற் சிறப்புடன் பட்டம் பெற்றார். கண்ணும் காதும் இழந்தாருள் கலைப்பட்டம் பெற்ற முதல்வர் இவரே. விரிவுரைகளை ஆசிரியை அருகிருந்து கையில் எழுதிக் காட்ட, நூல்களை விரல்நுனியாற் படித்துத் தேர்வில் வென்றார் என்பதைக் கல்லூரி மாணவராகிய நாம் எண்ணுந்தோறும் நம் சோம்பலை நாணுதல் வேண்டும். கல்லூரியிற் பயிலுங்காலத்திலேயே, 1903-ஆம் ஆண்டில், தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார்.

இனி நம் பொருளுக்கு வருவோம். அம்மையாரின் இளமைக்காலப் புகைப்படங்களைக் காண்போர் ஒன்றைக் கவனிக்கலாம். அவற்றுட் பல அவர் முகத்தைப் பக்கவாட்டிலேயே காட்டுகின்றன. கையில் நூலையேந்தியோ, மலரை முகர்ந்தோ, முகத்தைச் சற்றே திருப்பியோ அவர் அமர்ந்திருப்பார். இஃது அழகு கருதிய ஏற்பாடு மட்டும் அன்று. நோயுற்ற இடக்கண் வெளியே பிதுங்கித் தோன்றியமையால் அதனை மறைத்தற்கே அவ்வாறு படம் எடுக்கப்பட்டது. அவர் வளர்ந்து பெரியவரானபின், உடல்நலங் கருதியும் தோற்றங் கருதியும் அவர்தம் இரு கண்களும் அறுவை மருத்துவத்தால் அகற்றப்பட்டுக் கண்ணாடிக் கண்கள் பொருத்தப்பட்டன. அதன்பின் எடுத்த படங்களில் அவர் நம்மை நேர்முகமாக நோக்குகின்றார். மேடையில் அவரைக் கண்ட செய்தியாளர் சிலர், செய்தியறியாது, அவர் கண்களின் நீலவொளியை வியந்து எழுதினர்.

பார்வைக்கு உதவாத கண்ணை அணிவது எதற்கு என்று சிலர் வினவலாம். தம் கண்களை அம்மையார் தாமே ஒருபொழுதும் கண்டாரல்லர். அவற்றால் எதையும் கண்டாரும் அல்லர். ஆயினும், மக்கள் ஒருவரோடொருவர் கலந்து பழகுதற்கு முகமே முதல் வாயில். ஊர் ஊராய்ச் சென்று குருடர் நலத்திற்காகப் பேசிப் பொருள் திரட்ட முனைந்த அவருக்கு, கேட்போர் தம் முகத்தை அச்சமும் கூச்சமும் இன்றி நோக்குதல் இன்றியமையாததாயிற்று. அன்றியும், செயற்கைக் கண் வெறும் அணிகலம் அன்று. கண்குழி வெறுமையாய் நெடுநாள் விடப்படின் உட்சதை சுருங்கும். இமைகள் தாங்குவாரற்றுத் தொய்யும். குழந்தைகட்கோ அப்பக்கத்து எலும்பு செவ்வனே வளராமையால் முகமே ஒருபுறம் சிறுத்துவிடும். ஆகவே செயற்கைக் கண் இமைக்குத் தூணாகவும் முகத்திற்கு வடிவாகவும் உதவுவது.

அது கோலிக்குண்டு போன்றதொரு முழு உருண்டை என்று பலர் எண்ணுகின்றனர். அங்ஙனமன்று. அறுவையின்போது கண்குழியினுள்ளே சிறு உருண்டையொன்றை வைத்துத் தசையால் மூடுவது இக்கால வழக்கம். அதன்மேல், இமைகளுக்குப் பின்னே, கிளிஞ்சல் போன்ற மெல்லிய ஓடொன்று பொருந்துகின்றது. இவ்வோட்டையே நாம் செயற்கைக் கண் என்கின்றோம். பதினாறாம் நூற்றாண்டிற் பிரெஞ்சு அறுவை மருத்துவராகிய அம்புரோஸ் பாரே என்பார் பொன்னாலும் வெள்ளியாலும் செய்து வண்ணம் தீட்டிய கண்களை விவரித்துள்ளார். பின்னர்க் கண்ணாடி அவ்விடத்தைப் பெற்றது. ஜெர்மனியில் துரிங்கியா நாட்டு லௌஷா என்னும் மலையூரில் 1835-ஆம் ஆண்டளவில் லூட்விக் முல்லர் ஊரி என்னும் கைவினைஞர் கண்ணாடிக் கண் செய்யத் தொடங்கினார். பொம்மைக்குக் கண் செய்த கை மனிதர்க்குக் கண் செய்யலாயிற்று. நாளடைவில் அவ்வூர் உலகத்திற்கே கண்ணாடிக் கண் வழங்கும் ஊராயிற்று.

எத்துணை நேர்த்தியாகச் செய்யினும் கண்ணாடிக் கண் நெடுங்காலம் நில்லாது. இரவும் பகலும் அதன்மேற் படரும் கண்ணீரில் உப்பு உண்டு. அஃது ஓரிரண்டு ஆண்டுகளில் மேற்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்கும். அரித்த கண்ணாடி இமையின் உட்புறத்தை உராயும். உராய்ந்த இடம் சிவந்து, புண்பட்டு, பீளை தள்ளும். கைதவறிக் கீழே விழின் உடைந்தே போம். ஆதலின் கண்ணாடிக் கண் அணிந்தார் யாவராயினும் ஓரிரண்டு ஆண்டிற்கொருமுறை புதியது பெறுதல் கட்டாயமாயிற்று. நம் அம்மையார் தம் எண்பத்தேழாம் வயதுவரை வாழ்ந்தவர். ஒரே இணைக் கண்களோடு ஒருவர் அத்துணை ஆண்டுகளைக் கழித்தல் இயலாது. படங்களில் நாம் காணும் தெளிந்த பார்வைக்குப் பின்னே இடையறாத பேணுகை இருந்தேயாக வேண்டும். அவர்தம் கல்வியைப் போலவே அவர்தம் முகத்தோற்றமும் ஒருநாளில் வந்ததன்று.

அம்மையார் தம் குறையை ஈடுசெய்தலோடு நின்றாரல்லர். பிறர்க்கு அக்குறை வாராமற் காத்தலையும் தம் கடனாகக் கொண்டார். பிறந்த குழந்தைகளின் கண்களைச் சில நாளிற் கெடுக்கும் சீழ்நோயொன்று அக்காலத்திற் பலரைக் குருடராக்கியது. அது பெற்றோரின் மேகநோயால் வருவதாகலின் அதனைப் பற்றி வாய்திறத்தலே நாணத்தக்கது என நன்மக்கள் கருதினர். பிறந்தவுடன் கண்ணில் விடும் சில துளி வெள்ளி நைட்ரேட்டு மருந்தால் அதனைத் தடுக்கலாம் என்பதை மருத்துவர் அறிந்திருந்தும் ஊரார் அறிந்திலர். அம்மையார் 1907-ஆம் ஆண்டில் மாதர் இதழொன்றில் இதனை வெளிப்படையாக எழுதினார். நாணத்தால் மறைக்கப்படும் நோயே பெருங்கேடு விளைக்கும் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். 1924-ஆம் ஆண்டுமுதல் அமெரிக்கக் குருடர் நல நிறுவனத்தின் பொருட்டு உழைத்தார். 1925-ஆம் ஆண்டில் அரிமா சங்கத்தார் மாநாட்டிற் சென்று, குருடர்க்குத் துணையாக நிற்குமாறு வேண்டினார். அச்சங்கத்தார் இன்றளவும் கண்மருத்துவ முகாம்கள் நடத்திவருதல் அவ்வேண்டுகோளின் பயனே.

அவரை வளர்த்தெடுத்த ஆனி சல்லிவன் முதுமையில் தாமும் பார்வையை முற்றும் இழந்து, 1936-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் உயிர் நீத்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டாகத் தமக்குக் கண்ணும் செவியுமாக விளங்கிய ஆசிரியையை இழந்தபின்னும் அம்மையார் தம் பணியைக் கைவிட்டிலர். பாலி தாம்சன் என்னும் தோழியின் துணையுடன் அதனைத் தொடர்ந்தார்.

இரண்டாம் உலகப்போர் மூண்டது. அம்மையார் படைமருத்துவமனைகள் பலவற்றிற்குச் சென்று, கண்ணிழந்தும் கையிழந்தும் கிடந்த வீரர்களைத் தேற்றினார். அதே காலத்திற் செயற்கைக் கண்ணின் வரலாற்றிலும் ஒரு பெருந்திருப்பம் நேர்ந்தது. கண்ணாடிக் கண்ணும் அதற்குரிய கண்ணாடியும் ஜெர்மனியினின்றே வந்துகொண்டிருந்தமையால், போர் அவ்வரவை அடைத்துவிட்டது. கண்ணிழந்த வீரர் ஆயிரக்கணக்கினர். கண்ணோ கிடைத்திலது. அந்நிலையில் அமெரிக்கப் படையின் பல்மருத்துவப் பிரிவினர், பொய்ப்பல்லுக்கு ஈறு செய்யும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கைக் கொண்டு கண் செய்ய முற்பட்டு வெற்றி கண்டனர். பிளாஸ்டிக் எளிதில் உடையாது. கண்குழியின் அச்செடுத்து அவரவர்க்கு ஏற்ப வார்க்கலாம். தேய்ந்தவிடத்து மெருகிடலாம். இன்று நம் நாட்டில் அணியப்படும் கண்களுட் பெரும்பாலானவை இவ்வகையினவே.

கண்ணாடி போயிற்று, கவலையும் போயிற்று என்று கருதற்க. பிளாஸ்டிக் கண்ணும் என்றும் நிலைப்பதன்று. தூசியும் கைபடுதலும் அதன்மேற் கண்ணுக்குப் புலனாகாத கீறல்களை உண்டாக்கும். கண்ணீரிலுள்ள புரதம் அக்கீறல்களிற் படிந்து உறையும். அங்குக் கிருமி குடிபுகும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனைச் செய்தாரிடம் காட்டி மெருகிடுவித்தல் வேண்டும். ஏறத்தாழ 5 ஆண்டுகட்கு ஒருமுறை புதியது பெறுதல் வேண்டும். கண் மாறாவிடினும் அதனைத் தாங்கும் சதை மாறுகின்றது என்பதை மறத்தல் கூடாது. நேற்றுப் பொருந்தியது நாளை தளரும். தளர்ந்தது சுழன்று திரும்பும். கீழிமை அதன் சுமையால் இறங்கும். குழந்தைகட்கோ 5 ஆண்டு காத்திருத்தல் ஆகாது. கைக்குழந்தைக்குச் சில மாதத்திற்கொருமுறையும், வளரும் பிள்ளைக்கு மருத்துவர் குறித்த தவணைதோறும் பெரிதாக்கி அமைத்தல் வேண்டும். விழியிற் புற்றுநோய் கண்டு கண் அகற்றப்பட்ட குழந்தைக்கு மற்றைக் கண்ணையும் மருத்துவர் ஆய்தல் வேண்டுமாதலின், தவணை தவறுதல் உயிர்க்கே ஊறாகலாம்.

நாள்தோறும் பேணுமுறை அரிதன்று. கண்ணைத் தொடுமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் முதற்கடன். அடிக்கடி கழற்றி மாட்டுதல் நன்றன்று. அது கண்குழியைப் புண்படுத்தும். மருத்துவர் கூறிய இடைவெளியிற் கழற்றி, மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான தூயநீரும் கொண்டு விரலாற் தேய்த்து, நன்கு அலசி அணிதல் போதும். சாராயம் கலந்த மருந்தும், கொதிநீரும், சாம்பலும், பல்பொடியும் அதன் பகைவர். கழுவுகையிற் கீழே ஒரு துணியை விரித்துக் கொள்ளின் நழுவினும் கேடில்லை. கண்ணைத் துடைக்கையில் இமையை மூடி மூக்கை நோக்கித் துடைத்தல் வேண்டும். வெளிநோக்கித் துடைப்பின் கண் புரண்டு வெளிவரக்கூடும். கழற்றி வைக்க நேரின் தூயநீரில் இட்டு வைத்தல் வேண்டும். நெடுநாள் அணியாதிருப்பின் குழி சுருங்கிப் பின்பு அது பொருந்தாது. பச்சையாகவோ நாற்றத்துடனோ பீளை தள்ளினும், குருதி கசியினும், வலி எடுப்பினும் அன்றே கண்மருத்துவரை நாடுதல் வேண்டும். பச்சிலைச் சாற்றையும் தாய்ப்பாலையும் பிழிந்து காத்திருத்தல் தகாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, எஞ்சிய ஒற்றைக் கண்ணைக் காத்தல் வேண்டும். பார்வைக் குறையில்லாவிடினும், வயலிலும் கல்லுடைக்கும் இடத்திலும் காப்புக்கண்ணாடி அணியாது நிற்றல் ஒற்றைக்கண்ணர்க்குப் பெரும்பிழை.

இவற்றை நம்மூரார் செய்யாமைக்குக் காரணம் அறியாமை மட்டும் அன்று. செயற்கைக் கண் அணிந்திருப்பதை ஊரறியின் பெண்ணுக்கு மணம் கூடாது என அஞ்சிப் பெற்றோர் அதனை மறைக்கின்றனர். மறைப்பதால் தவணைக்கு அழைத்துச் செல்வதில்லை. பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் திருச்சிக்குச் செல்வதாயினும் 60, 70 கிலோமீட்டர் செல்லல் வேண்டும். ஒருநாட் கூலியும் இருவர் பேருந்துக் கட்டணமும் ஏழைக்குப் பெருஞ்செலவே. பத்து வயதிற் பொருத்திய கண்ணை இருபது வயதிலும் அணிந்திருக்கும் பெண்ணுக்கு, அது சிறுத்து உள்வாங்கி, மறைக்க விரும்பிய குறையையே ஊர்முன் எடுத்துக் காட்டும். மறைத்தல் வேண்டுவோரும் பேணுதல் வேண்டும் என்பதே உண்மை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும், 1819-ஆம் ஆண்டுமுதல் இயங்கிவரும் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் தமிழ்நாட்டிற் கண்ணிழந்தார்க்குப் புகலிடங்களாய் உள்ளன. மருத்துவர் உளர். கைவினைஞர் உளர். மீண்டும் அவர்களிடம் செல்லுதல் வேண்டும் என்னும் அறிவே ஊர்களிற் குறைவாக உளது.

அம்மையார் 1955-ஆம் ஆண்டில் ஆசிய நாடுகளுக்குப் பயணம் மேற்கொண்டார். ஐந்து மாதங்களில் ஏறத்தாழ 40,000 மைல் சென்ற அப்பயணத்தில் இந்தியாவிற்கும் வந்தார். பிரதமர் நேருவின் முகத்தை விரல்களால் தொட்டு உணர்ந்தார். குருடர் பள்ளிகளைக் கண்டு, கண்ணில்லாதார்க்கு இரங்குவதோடு அமையாது கல்வியும் தொழிலும் அளித்தல் வேண்டும் என்று எங்கும் வற்புறுத்தினார். 1964-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1968-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல்நாள், தம் எண்பத்தெட்டாம் பிறந்தநாளுக்குச் சில வாரங்களே எஞ்சியிருக்க, அமைதியாக உயிர் துறந்தார். அவர்தம் சாம்பல் வாஷிங்டன் நகரத்துப் பேராலயத்தில், ஆசிரியை ஆனியின் சாம்பலுக்கு அருகே வைக்கப்பட்டுள்ளது.

அம்மையாரின் வாழ்வில் நாம் வியப்பது பெரும்பாலும் குழாயடியில் நிகழ்ந்த அந்த ஒருநாட் புதுமையையே. ஆயின், அவரை அவராக்கியது அவ்வொருநாள் அன்று. அதன்பின் நாற்பத்தொன்பது ஆண்டுகள் நாள்தவறாது அவர் கையில் எழுத்தெழுதிய ஆசிரியையின் பொறுமையே. செயற்கைக் கண்ணும் அத்தன்மைத்தே. பொருத்துதல் ஒருநாட் செயல். பேணுதல் வாழ்நாட் செயல். முகாமிற் கண் வழங்கிப் படமெடுத்துப் பிரிவோர் பாதிப் பணியே செய்தவராவர். அடுத்த ஆண்டும் அவரைத் தேடிச் சென்று, கண் பொருந்துகின்றதா என்று வினவி, மருத்துவரிடம் அழைத்துச் செல்வாரே மறுபாதியைச் செய்பவர்.

விடுமுறையில் ஊர்செல்லும் நண்பர்காள்! உங்கள் தெருவில் அத்தகையார் ஒருவரேனும் இருத்தல் கூடும். அவரை உற்று நோக்கி நாணச் செய்யாதீர்கள். நெருங்கிய உறவினர் வாயிலாக, அக்கண் எந்த ஆண்டு பெற்றது என்று மட்டும் மெல்ல வினவுங்கள். ஐந்தாண்டு கடந்திருப்பின் உடன்சென்று மாற்றித் தாருங்கள். ஹெலன் கெல்லர் அம்மையாரின் நினைவிற்கு நாம் செய்யக்கூடிய எளிய வழிபாடு அதுவே.